ஃபிட் என்றால் பிரெஞ்சில் என்ன?

1

இங்கே புதன்கிழமைகளில் மத்தியானத்துக்கு மேல் பள்ளிக்கூடம் கிடையாது. போன மார்ச்சில் அப்படி ஒரு புதன்கிழமை, என் மகள் வாணி சமையலறை மேசையில் இங்கிலீஷ் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வயசு. நான் காலை ஷிப்ட் முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"பப்பா, உனக்கு இங்கிலீஷ் தெரியும்தானே?"

அப்பா என்று கூப்பிடுவதை அவள் ஏழாவது வயசில் விட்டுவிட்டாள். 'நீங்க' என்பது அதற்கும் முன்பே போய்விட்டது. நான் திருத்துவதும் இல்லை.

டீச்சர் ஐந்து இங்கிலீஷ் சொற்களைக் கொடுத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் பல அர்த்தம். ஒவ்வொரு அர்த்தத்துக்கும் ஒரு வாக்கியம் எழுதி அதைப் பிரெஞ்சில் பெயர்க்க வேண்டும். முதல் இரண்டும் சுலபமாக முடிந்தன. மூன்றாவது சொல் ஃபிட்.

"சட்டை உடம்புக்குச் சரியா இருந்தா ஃபிட்" என்றேன். எழுதிக்கொண்டாள். "உடம்பு நல்லா இருந்தா, வேலைக்குத் தகுதியா இருந்தா, அதுவும் ஃபிட்." அதற்குப் பிரெஞ்சில் 'ஆப்த்' என்று அவளே எழுதினாள். "அவ்வளவுதான்" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அவள் அகராதியைப் புரட்டினாள்.

"இல்ல பப்பா, இன்னொண்ணு இருக்கு. 'கிரீஸ்'னு போட்டிருக்கு. கை காலெல்லாம் இழுத்துக்குமே, அது. சித்தப்பாவுக்கு வந்தது இதுதானே? அம்மா சொன்னா. உனக்குத் தெரியாதா இந்த அர்த்தம்?"

நான் குழாயைத் திறந்து தட்டைக் கழுவினேன். "தெரியாது" என்றேன்.

அந்தச் சொல்லின் அந்த அர்த்தம் எனக்குத் தெரியாது என்று இதற்கு முன்பும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. பனி இருக்கிறது, ரயில் இருக்கிறது, ரொட்டி இருக்கிறது. அதையெல்லாம் எழுதி எழுதி இதை எட்டு வருஷம் தள்ளிப் போட்டுவிட்டேன்.

2

நான் விருத்தாசலத்துக்காரன். செராமிக் எஸ்டேட்டில் கப்பும் சாஸரும் செய்கிற ஒரு பீங்கான் கம்பெனியில் ஆறு வருஷம் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். கம்பெனிக்கு வருகிற, கம்பெனியிலிருந்து போகிற எல்லா இங்கிலீஷ் கடிதமும் என் கை பட்டுத்தான் போகும். முதலாளி தமிழில் சொல்லுவார். நான் இங்கிலீஷில் அடிப்பேன். அவர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார். அந்த நம்பிக்கையில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

செல்வராசு அங்கே ஃபிட்டர். நல்லூர்ப் பக்கத்து ஆள், ஐடிஐ படித்தவன், என்னைவிட நாலு வயசு சின்னவன். மெஷின் நின்றால் எல்லோரும் அவனைத்தான் தேடுவார்கள். என்னை அண்ணே என்பான்.

ஒருநாள் களிமண் அரைக்கிற மில்லுக்குப் பக்கத்தில் அவன் விழுந்தான். நான் சம்பளச் சீட்டோடு அந்தப் பக்கம் போனவன், முதலில் வழுக்கி விழுந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். கிட்டே போனால் கண் மேலே செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. என் சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தேன். நாலைந்து நிமிஷத்தில் அடங்கிவிட்டது. அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, முதல் வார்த்தையாக, "அண்ணே, யாரும் பாத்துட்டாங்களா?" என்றான்.

"யாரும் பாக்கல."

"பதினாலு வயசுலேர்ந்து இருக்குதுண்ணே. எப்பவாச்சும் வரும். மாத்திரை வுட்டா வந்துடும்."

முதலாளியிடம் அவன் வழுக்கி விழுந்துவிட்டான் என்று சொன்னேன். அன்று நான் சொன்ன பொய்யைப் பற்றி எனக்கு இன்றும் வருத்தம் இல்லை. ஆனால் இவனுக்காகப் பொய் சொல்வது எனக்கு உரிமை உள்ள வேலை என்று அன்றைக்கே மனசுக்குள் ஒரு எண்ணம் வந்துவிட்டது போல.

3

எனக்குப் பாண்டிச்சேரியில் பெண் அமைந்தது. மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். பாண்டிச்சேரியில் இப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. அப்படித்தான் மாலதியைக் கட்டிக்கொண்டு நான் இங்கே வந்து சேர்ந்தேன். பாரிஸிலிருந்து மூன்று மணி நேரம் ரயிலில் போகிற ஒரு சின்ன ஊர். வாஷ் பேசின் செய்கிற ஃபாக்டரி. விருத்தாசலத்தில் பீங்கான், இங்கேயும் பீங்கான். வந்த புதிதில் அதை நினைத்தால் சிரிப்பு வரும். பேக்கிங்கில் சேர்ந்தவனை, இங்கிலீஷும் கொஞ்சம் பிரெஞ்சும் தெரியும் என்று இரண்டு வருஷத்தில் ஆபீஸில் ஒரு மேசை போட்டு உட்கார வைத்தார்கள்.

எண்பத்தெட்டில் லீவில் போனபோது, மாலதியின் தங்கை வசந்தாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் செல்வராசுவைச் சொன்னேன். நல்லவன், தொழில் தெரிந்தவன், குடிக்க மாட்டான். எல்லாம் உண்மை.

பெண் பார்க்கப் போவதற்கு முதல் நாள் விருத்தாசலம் பாலக்கரையில் ஒரு டீக்கடையில் அவன் கேட்டான். "அண்ணே, ஃபிட்ஸு விஷயத்தைச் சொல்லிடணும்ல?"

"இப்ப எதுக்கு? ரெண்டு வருஷமா வரலைன்னு சொல்றியே."

"வரலதான். இருந்தாலும்..."

"என் மாமனாரு பட்டாளத்து ஆளு. உடம்பைப் பத்தி ஒரு வார்த்தை வந்தாலும் எந்திரிச்சுப் போயிடுவாரு. நான் சொல்லிக் கொண்டாந்த சம்பந்தம் இது. அப்புறமா சமயம் பாத்துச் சொல்லிக்கலாம்."

அவன் டீ கிளாஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

கல்யாணம் நடந்தது. மறு வருஷம் இரண்டு பேரும் இங்கே வந்தார்கள்.

4

பிரான்ஸில் காகிதம் இல்லாமல் மூச்சு விட முடியாது. செல்வராசுவின் இனிஷியலுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. 'கே' என்றால் என்ன? அப்பா பேர் கலியமூர்த்தி. அப்படியானால் குடும்பப் பெயர் எது? அப்பா பெயர் எப்படி மகனுக்கு முதலில் வரும்? கடைசியில் அவனை மிஸ்யு கலியமூர்த்தி ஆக்கிவிட்டார்கள். "எங்கப்பாவைக் கூப்புடற மாதிரி இருக்குதுண்ணே, திரும்பிப் பாக்கவே வெக்கமா இருக்குது" என்பான்.

ஐந்து மாதம் அவர்கள் எங்கள் இரண்டு அறை வீட்டிலேயே இருந்தார்கள். அவனுக்கு வேலை கிடைக்கவில்லை. வாணியோடு நாள் முழுக்கக் கண்ணாமூச்சி விளையாடுவான். அவளுக்கு அப்போது நாலு வயசு கூட ஆகவில்லை. 'காஷ் காஷ்' என்று அவள் கத்திக்கொண்டு வந்தால் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வான். அவன் முதலில் கற்றுக்கொண்ட பிரெஞ்சு அதுதான். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். மாமனார் ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டார்: மாப்பிள்ளைக்கு வேலை ஆயிற்றா?

கடைசியில் எங்கள் ஃபாக்டரியிலேயே ஒரு இடம் காலியாயிற்று. சூளையிலிருந்து டிராலிகள் வெளியே வருகிற முனையில், சரக்கை இறக்குகிற வேலை. ஃபாக்டரி டாக்டர் பழைய மருத்துவக் காகிதம் ஏதாவது இருந்தால் கொண்டு வரச் சொன்னார். செல்வராசு கிளம்பும்போதே ஜங்ஷன் பக்கத்து டாக்டரிடம் இங்கிலீஷில் ஒரு காகிதம் எழுதி வாங்கிக்கொண்டு வந்திருந்தான். அதை மடிப்புக் கலையாமல் என்னிடம் கொடுத்தான்.

"இதுல எல்லாம் எழுதியிருக்குதுண்ணே. ஃபிட்ஸு, மாத்திரை எல்லாம். இதைப் பாத்துட்டு வேணாம்னா வேற வேலை பாத்துக்கலாம். நீங்க சொல்லிடுங்க."

"நான் பாத்துக்கறேன்" என்றேன்.

நர்ஸம்மா, "இதற்கெல்லாம் அரசாங்க மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை, நீங்களே பிரெஞ்சில் எழுதிக் கொடுங்கள்" என்று ஒரு தாளும் பேனாவும் தந்தார். மருத்துவ அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. செல்வராசு உள்ளே எடை பார்க்கப் போயிருந்தான். நான் தொடையில் தாளை வைத்துக்கொண்டு எழுதினேன்.

இங்கிலீஷில் மூன்றே வரிகள். ஃபிட்ஸுக்கு மாத்திரை சாப்பிடுகிறார். கடைசி ஃபிட் மூன்று வருடம் முன்பு. மற்றபடி ஃபிட்.

முதல் வரியைப் பிரெஞ்சில் இப்படி எழுதினேன்: உடல் தகுதிக்காக மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டாவது வரி: கடைசியாகத் தகுதி பார்த்தது மூன்று வருடம் முன்பு. மூன்றாவது வரி: மற்றபடி தகுதியானவர்.

மூன்று இடத்திலும் ஒரே சொல், ஆப்த். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது 'கிரீஸ்' என்ற சொல் எனக்குத் தெரியும். பேனா அதற்காக ஒரு நொடி நின்றது கூட ஞாபகம் இருக்கிறது. பக்கத்தில் கூட்டிக்கொண்டிருந்த அம்மாள் பாண்டிச்சேரிக்காரி, மாமனாருக்குத் தூரத்து உறவு. காகிதத்தில் கிரீஸ் என்று எழுதினால் இவனுக்கு வேலை கிடைக்காது. எனக்குத் தெரிந்தே மறைத்துப் பெண் கொடுக்க வைத்தேன் என்பது பத்து நாளில் பாண்டிச்சேரிக்குப் போய்விடும். என்னைப் பற்றித்தான் நினைத்தேன். அவனுக்கு நல்லது செய்வதாகவும் சேர்த்து நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் என் தாளைப் படித்தார். இங்கிலீஷ் காகிதத்தைப் பார்க்காமல் இரண்டையும் சேர்த்துப் பின் போட்டார். முத்திரை குத்தினார்.

வெளியே வந்ததும் செல்வராசு கேட்டான். "எல்லாம் படிச்சாராண்ணே? ஒண்ணும் சொல்லலையா?"

"படிச்சாரு. சேரலாம்னுட்டாரு."

"பரவால்லண்ணே. இந்த ஊரு நல்ல ஊருதான்" என்றான்.

5

பத்து மாதம் நன்றாகப் போயிற்று. தனி வீடு பார்த்துப் போனார்கள். கவிதா பிறந்தாள். அவர்கள் குடும்ப டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவர் வேறு, ஃபாக்டரி டாக்டர் வேறு. ஒருவர் மற்றவரிடம் நோயாளியைப் பற்றிப் பேசக் கூடாது, இங்கே அது சட்டம். வசந்தாவிடம் அந்த மாத்திரையை வைட்டமின் என்று சொல்லி வைத்திருப்பான் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

ஷிப்ட் வாரா வாரம் மாறும். கைக்குழந்தை வேறு. தூக்கம் கெட்டது. தொண்ணூறு கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும், ஆபீஸில் என் மேசைக்கு யாரோ ஓடி வந்து, "உன் சகலை" என்றார்கள்.

நான் போவதற்குள் டிராலியை நிறுத்தியிருந்தார்கள். அவன் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கிடந்தான். நின்றுகொண்டிருந்தவன் அப்படியே விறைத்து விழுந்திருக்கிறான். விழுந்த வாக்கில் வலது கை தண்டவாளத்தின் மேல் போயிருக்கிறது. வாஷ் பேசின்கள் ஏற்றிய டிராலியின் முன்சக்கரம் கைமேல் ஏறிவிட்டது. அவன் இன்னும் நினைவு வராமல் இழுத்துக்கொண்டிருந்தான். கூட வேலை செய்கிற ஆள்கள் சுற்றி நின்றுகொண்டு, கையைப் பார்க்கவும் முடியாமல் முகத்தைப் பார்க்கவும் முடியாமல் இருந்தார்கள்.

மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். மீதி இருந்த இரண்டும் மடங்கவில்லை.

6

ஆறு வாரம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். டைரக்டர், டாக்டர், செல்வராசு, மொழிபெயர்க்க நான்.

டைரக்டர் கேட்டார்: இதற்கு முன்னால் இவருக்குக் கிரீஸ் வந்ததுண்டா?

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வராசு அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டான். "கிரீஸா? டிராலிக்குக் கிரீஸ் போடறது நான் இல்லண்ணே. அதுக்கு மெயின்டனன்ஸ்ல தனி ஆளு இருக்காரு. சக்கரம் நல்லாத்தான் இருந்துச்சு. அவங்க மேல தப்பு சொல்லாதீங்க."

தன் கையை நசுக்கிய சக்கரத்துக்காக அவன் பரிந்து பேசினான். ஊரில் என்றால் அந்தக் குழப்பத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

"அந்தக் கிரீஸ் இல்லடா. ஃபிட்ஸ். முன்னாடி வந்திருக்கான்னு கேக்கறாங்க."

"அதான் மொதல்லயே பேப்பர் குடுத்தமே. அதுல இருக்குதே. சொல்லுங்கண்ணே."

சொன்னேன், காகிதம் கொடுத்தாராம் என்று. டாக்டர் ஃபைலை எடுத்தார். என் தாளுக்குக் கீழே பின் போட்டிருந்த இங்கிலீஷ் காகிதத்தை முதல் தடவையாகப் படித்தார். அலமாரியிலிருந்து ஒரு அகராதியை எடுத்தார். விரலை வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"இந்தச் சொல்லுக்குக் கிரீஸ் என்றும் ஒரு அர்த்தம் இருக்கிறதே."

"எனக்கு அது தெரியாது" என்றேன். "தகுதி என்கிற அர்த்தம்தான் தெரியும்."

டைரக்டர் பெருமூச்சு விட்டார். இங்கிலீஷ் என்பது பொல்லாத மொழி, உங்களைக் குற்றம் சொல்ல முடியாது என்றார். டாக்டருக்கும் அதில் நிம்மதி. படிக்காமல் முத்திரை குத்தியவர் அவர். பிறகு டைரக்டர் கேட்டார்: சரி, இவர் உங்களிடம் வாயால் சொன்னாரா, தனக்கு இந்த வியாதி இருக்கிறது என்று?

என் பக்கத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். கட்டுப் போட்ட கை மடியில் இருந்தது.

"நோன்" என்றேன். இல்லை.

ஃபிட் என்ற சொல்லுக்கு நாலு அர்த்தம் இருக்கலாம். நோன் என்பதற்கு ஒன்றுதான்.

டைரக்டர் சொல்லச் சொல்ல ஒரு பெண் டைப் அடித்தாள். தொழிலாளி தன் நோயை மறைத்து வேலையில் சேர்ந்தார். 'காஷே', அதாவது மறைத்தார், என்று அவர் சொன்னபோது செல்வராசு தலையைத் தூக்கினான். வாணியோடு விளையாடிய அந்தச் சொல். அதற்குப் பிறகு அவன் டைரக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். நான் என் முன்னால் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவனை வேலையிலிருந்து எடுத்தார்கள். ஊரெல்லாம் இந்தக் கதை பரவியதால் வேறு ஃபாக்டரிகளிலும் கதவு திறக்கவில்லை. மறு வருஷம் வசந்தாவும் அவனும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விருத்தாசலத்துக்கே போனார்கள். ரயில் நிலையத்தில் இடது கையால் என் கையைப் பிடித்து, "போயிட்டு வரேண்ணே" என்றான். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

7

வாணியின் வீட்டுப்பாடம் நடந்த அந்த வாரமே மாலதியிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் துணி மடித்துக்கொண்டே, "என்கிட்ட சொல்லி என்ன ஆவப் போவுது? அவங்ககிட்ட போயி சொல்லுங்க" என்றாள்.

ஆகஸ்ட் லீவில் போனேன், தனியாக. ஜங்ஷன் ரோட்டில் அவர்களுக்கு வீடும் கடையும் ஒன்றுதான். முன்பக்கம் எஸ்டிடி பூத், ஒரு ஜெராக்ஸ் மெஷின். வசந்தா ஒரு மெட்ரிகுலேஷன் ஸ்கூலில் இங்கிலீஷ் டீச்சர். அன்று ஞாயிற்றுக்கிழமை. திட்டக்குடி பஸ்ஸுகள் வாசலிலேயே ஹாரன் அடித்துக்கொண்டு போயின. செல்வராசு இடது கையால் சேரை இழுத்துப் போட்டான். தலை நரைத்திருந்தது.

"அண்ணே, காத்து இல்ல, கரண்ட் போயிருக்குது. இப்பிடி வாசப்பக்கமா வந்து உக்காருங்க."

காபி வந்தது. நான் குடிக்காமலே ஆரம்பித்துவிட்டேன். பெஞ்சு, மூன்று வரி, நோன், எல்லாவற்றையும். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை.

அவன் கேட்டு முடித்தான். "தெரியும்ணே" என்றான்.

"எப்பத்திலேர்ந்து?"

"அன்னிக்கே, அந்த ரூம்லயே. டாக்டரு டிக்ஷனரியை எடுத்து உங்களைப் பாத்தப்பவே. ஆறு வருஷம் கம்பெனி லெட்டரெல்லாம் டைப் அடிச்ச ஆளு நீங்க. ஃபிட்டுக்கும் ஃபிட்ஸுக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு? எனக்கே தெரியும்."

"ஏன் என்னைக் கேக்கல?"

"நீங்களே சொல்லுவீங்கனு இருந்தேன். மொத ரெண்டு வருஷம் லெட்டர் வந்தாலே பிரிச்சுப் பாப்பேன், அதுல இருக்குதானு. அப்புறம் விட்டுட்டேன்."

வசந்தா கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். "மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க எதுக்கு மறைச்சீங்க?"

"உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா..." என்று ஆரம்பித்தேன்.

"எங்கப்பாவுக்குத் தெரியும். பொண்ணு பாத்துட்டுப் போன மறுவாரமே இவரு லெட்டர் போட்டாரு. வயசு, மாத்திரைப் பேரு, எல்லாம் எழுதி. அப்பா படிச்சிட்டு என்கிட்ட குடுத்தாரு. பட்டாளத்துல கூட ரெண்டு பேருக்கு இருந்துச்சு, மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டா ஒண்ணும் இல்ல, நீ யோசிச்சு சொல்லுன்னாரு. நான் யோசிச்சுதான் கட்டிக்கிட்டேன்."

"எனக்கு ஏன் யாரும் சொல்லல?"

"நீங்க கொண்டாந்த சம்பந்தம். இவரு வியாதி தெரியாம கொண்டாந்துட்டோமேன்னு நீங்க சங்கடப்படுவீங்கனு அப்பாதான் அக்காகிட்ட கூட சொல்ல வேணாம்னாரு."

அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரியாது என்று நினைத்து நான் ஒருவன்தான் காவல் காத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெஞ்சில் உண்மையை எழுதியிருந்தால் எனக்கு ஒரு கெடுதலும் வந்திருக்காது. அவன் கூட்டுகிற வேலையோ காவல் வேலையோ பார்த்துக்கொண்டு ஐந்து விரலோடு இருந்திருப்பான்.

"காஷேன்னா என்னான்னு அன்னிக்கு வூட்டுக்கு வந்து கேட்டாரு" என்றாள் வசந்தா. "நான் சொன்னதும் எனக்கு வந்த கோவத்துக்கு நேராப் போயி டைரக்டரைக் கேட்டிருப்பேன். இவருதான் விடல. அண்ணன் வேலை போயிடும், அக்காவும் கொழந்தையும் என்ன பண்ணுவாங்கன்னாரு."

நான் அழுதேன். அவர்கள் இரண்டு பேரும் அழவில்லை. அவர்களுக்கு அது எப்போதோ முடிந்து போயிருந்தது. செல்வராசு என் காபியை எடுத்துக்கொண்டு போய்ச் சூடு பண்ணிக் கொண்டு வந்து வைத்தான்.

8

"இப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

செல்வராசு, "ஒண்ணும் வேணாம்ணே, வந்தீங்களே அதுவே போதும்" என்றான். வசந்தா, "போதாது" என்றாள்.

"கவிதாவுக்கு அந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்குது. நாளைக்கு அங்க போவா. அவங்கப்பா பொய் சொல்லி வேலைக்குச் சேந்தாருனு அங்க ஒரு ஃபைல் இருக்கக் கூடாது. அந்தக் கம்பெனிக்கு எழுதுங்க மாமா. இங்கயே, இப்பவே எழுதுங்க."

பரீட்சைத் தாள் ஒன்றைக் கொண்டு வந்து கொடுத்தாள். எழுதினேன். எழுதி முடித்ததும் அவள் வாங்கிக்கொண்டாள். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். என் பிரெஞ்சை விட அவள் பிரெஞ்சு நல்ல பிரெஞ்சு. ஒவ்வொரு வரியாகப் படித்து, படித்ததைத் தமிழில் தன் புருஷனுக்குச் சொன்னாள். அவன் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். மூன்றாவது வரியில் நின்றாள்.

"'இந்த மருத்துவக் காகிதத்தை நான் தவறாக மொழிபெயர்த்துவிட்டேன்'னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"தவறா எங்க மொழிபெயர்த்தீங்க? தெரியாம பண்ணினாத்தான் அது தவறு. தெரிஞ்சுதானே மாத்தி எழுதினீங்க? அதை எழுதுங்க."

எட்டு வருஷம் கழித்து உண்மையைச் சொல்ல அத்தனை தூரம் போயும் என் கை மறுபடியும் இரண்டு பக்கமும் பொருள் வருகிற ஒரு சொல்லைத் தேடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எனக்கு அது தெரியவே இல்லை. வேறு தாள் வாங்கினேன். அர்த்தம் தெரிந்தே மாற்றி எழுதினேன், அவர் என்னிடம் முன்பே சொல்லியிருந்தார், சொல்லவில்லை என்று நான் சொன்னது பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கரண்ட் வந்ததும் செல்வராசு அதை ஜெராக்ஸ் எடுத்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டான்.

9

இங்கே வந்ததும் அந்தக் கடிதத்தை நானே கொண்டு போய்க் கொடுத்தேன். பழைய டைரக்டர் போய்விட்டார். புதியவர் இரண்டு முறை படித்தார். இனி எந்த விஷயத்துக்கும் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட மாட்டார்கள். ஆபீஸ் மேசை போய், திரும்பவும் பேக்கிங்கில் நிற்கிறேன். பெரிய தண்டனை ஒன்றும் இல்லை. வாணிக்கும் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுப் பிரெஞ்சில், "உனக்கு அந்த அர்த்தம் தெரியாது என்று என்னிடம் ஏன் சொன்னாய்?" என்று கேட்டாள். அவளுடைய கோபம் சித்தப்பாவுக்காக இல்லை, அந்தப் புதன்கிழமைக்காக. இப்போதெல்லாம் வீட்டுப்பாடத்துக்கு என்னைக் கேட்பதில்லை.

போன வாரம் சனிக்கிழமை விருத்தாசலத்திலிருந்து போன் வந்தது. அவர்கள் பூத்திலிருந்தேதான் பேசினார்கள். ஃபாக்டரியிலிருந்து பதில் வந்திருக்கிறது, பாதிப் பக்கம்தான் என்றாள் வசந்தா. எனக்குப் பிரெஞ்சில் படித்துக் காட்டினாள். பிறகு போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவனுக்குத் தமிழில் சொன்னாள். எனக்கும் கேட்டது.

"'ஃபைலைத் திருத்திவிட்டோம். மிஸ்யு கலியமூர்த்தி தன் நோயைப் பற்றி எதையும் மறைக்கவில்லை.'"

அவர்கள் வாசலில் ஏதோ பஸ் போயிற்று. பிறகு செல்வராசுவின் குரல் தூரத்தில் கேட்டது.

"இன்னொரு தரம் படி."